கதையில் வந்தவள் எனக்கு முன்னால் எழுந்து நடந்தாள்

முதல் துளி வாரப்பத்திரிகையின் மேல்தான் விழுந்தது. தொடர்கதையை நான் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். எதிரே என் கணவரின் அண்ணன் மனைவி தெய்வானை அக்கா கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த பருப்பில் பாதியை என் மகள் தங்கமணி தின்றுகொண்டிருந்தாள். இருமல் வந்தது. வாயைப் பொத்துவதற்குள் பக்கத்தின் மேல் சிவப்பாக ஒரு சொட்டு. வெற்றிலைச் சாறு என்று நினைத்து அக்கா முந்தானையால் துடைக்க வந்தாள். நான் வெற்றிலை போடுவதில்லை என்பது இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் நினைவுக்கு வந்தது.

இருமல் அதற்கு முன்பே இருந்தது. சாயந்திரமானால் லேசான காய்ச்சல், விடிகாலையில் வியர்வை, ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு காரணம் வைத்திருந்தேன். கடலைக்காய் பறிப்பு, வெயில், புதுக்கிணற்றுத் தண்ணீர். இதைப் படிக்கும் உங்களில் சிலரும் இப்படிக் காரணங்கள் சேர்த்து வைத்திருப்பீர்கள். அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள்.

எங்களூரிலிருந்து, மலையாள எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் நடை தூரம். அங்கே பஸ் ஏறிக் கோயமுத்தூருக்குப் போனோம். எக்ஸ்ரே (நெஞ்சுக்குள் இருப்பதை நிழலாகக் காட்டும் படம்) எடுத்தார்கள். கோழையைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தார்கள். காசம் (நுரையீரலைக் கிருமி அரிக்கும் நோய்) என்றார் டாக்டர். இடது பக்கம் மேலே ஒரு குழி விழுந்திருக்கிறது, முன்பு என்றால் கையை விரித்திருப்போம், இப்போது மருந்து வந்துவிட்டது என்றார். ஆனால் மருந்து பாதி, படுக்கை பாதி. எழுந்து நடமாடினால் மருந்து வீண் என்றும் சொன்னார்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"புள்ளைய எப்பங்க தொடலாம்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்திருந்த படத்தைப் பார்த்தபடியே, "கோழையில கிருமி இல்லைன்னு வரட்டும்மா. அதுவரைக்கும் கிட்ட விடாதீங்க" என்றார்.

தங்கமணிக்கு அப்போது நாலு வயது. நாலு வயதுப் பிள்ளையின் ஞாபகம் எத்தனை மாதம் தாங்கும் என்று எந்த டாக்டரிடம் கேட்பது? உயிர் போய்விடும் என்ற பயம்கூட எனக்கு இரண்டாம்பட்சம்தான். நான் எழுந்து வரும்போது அவளுக்கு நான் அம்மாவாக இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

தோட்டத்துச் சாளையைச் (வயலில் கட்டிய ஓலைக் குடிசையை) சுத்தம் செய்து எனக்குக் கட்டில் போட்டார்கள். காற்றுக்காக இரண்டு பக்கத்துத் தட்டியை எடுத்துவிட்டார்கள். என் கணவர் ராத்திரி வாசலில் படுத்துக்கொள்வார். சோறு வீட்டிலிருந்து வரும். தங்கமணி வீட்டில் தெய்வானை அக்காவிடம் இருந்தாள். அக்காவுக்கு இரண்டும் பையன்கள். பெண் குழந்தைக்குத் தலை பின்னிப் பூ வைக்க அவளுக்கு எத்தனை ஆசை என்று எனக்குத் தெரியும். படுத்த முதல் நாளே நான் நினைத்துப் பார்த்தது அதைத்தான்.

சித்தூரிலிருந்து ஒரு கம்பவுண்டர் சைக்கிளில் வந்து ஸ்ட்ரெப்டோமைசின் (காசக் கிருமியைக் கொல்லும் ஊசி மருந்து) போட்டார். மலையாளத்துக்காரர். ஒவ்வொரு முறையும் "பேடிக்கண்டா" என்பார். பயப்படாதே என்று அர்த்தம். ஊசி வலி போகப்போகப் பழகிவிட்டது. காதுக்குள் வண்டு புகுந்தது போல இரைச்சல் வந்தது, அது பழகவில்லை. பி.ஏ.எஸ். (கிருமி பெருகாமல் தடுக்கும் தூள்) என்று ஒன்று. அதன் கசப்பை வேப்பங்காயோடு ஒப்பிட்டால் வேப்பங்காய் கோபித்துக்கொள்ளும். விழுங்கினால் குமட்டும், வாந்தி எடுத்தால் திரும்பவும் விழுங்க வேண்டும்.

உடம்பு இப்படி இருக்க, மனம் வேறு வேலையில் இருந்தது. எல்லாரையும் பார்த்து வயிறு எரிந்தேன். வரப்பில் ஓடும் ஓணானைப் பார்த்துக்கூட எரிந்தேன். நோயாளியின் அருகில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது. படுத்திருப்பவர் சாந்தமாகக் கூரையைப் பார்க்கிறார் என்றால் அவர் சாந்தமாக இருக்கிறார் என்று அர்த்தமில்லை.

டூரிங் டாக்கீஸில் புதுப்படம் வந்தால் வீட்டில் வண்டி பூட்டுவார்கள். மாட்டுச் சலங்கைச் சத்தம் எனக்குக் கேட்கும். பிறகு கொட்டகையில் ஒலிபெருக்கி பாடும். நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன். பாட்டு நின்றால் படம் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இந்நேரம் தங்கமணி மணலில் உட்கார்ந்திருப்பாள், பயப்படுகிற இடத்தில் யார் மடியில் முகத்தைப் புதைப்பாள் என்பதும் தெரியும். அதற்கு மேல் அந்தச் சாயந்திரத்தில் எனக்கு எதுவும் ருசிக்காது.

எல்லாவற்றையும்விட வாரப்பத்திரிகைதான் என்னைக் கொன்றது.

எங்கள் வீட்டில் அதற்கு ஒரு முறை உண்டு. சந்தை நாளன்று மாடு பார்க்கப் போகும் என் கணவர் வேலந்தாவளத்துக் கடையில் பத்திரிகையை வாங்கி, துண்டுக்குள் சுற்றி, மாமனார் கண்ணில் படாமல் கொண்டுவருவார். எட்டாவது வரை படித்தவள் என்பதால் முதலில் என் கைக்குத்தான் வரும். நான் சத்தமாகப் படிக்க, மூன்றாவதோடு நின்றுவிட்ட அக்கா கேட்பாள். பிறகு தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து வைப்போம். கதை முடிந்ததும் கோணூசியால் தைத்துப் புத்தகமாக்குவோம். அப்படிப் பல கதைகள் பெட்டியில் இருந்தன. எல்லாம் நான் தைத்தது.

நான் படுத்ததும் முறை தலைகீழானது. நோயாளி தொட்ட காகிதம் வீட்டுக்குத் திரும்பக் கூடாது, எரித்துவிட வேண்டும். ஆகவே பத்திரிகை கடைசியாகத்தான் எனக்கு வரும். அதுவும் தைப்பதற்காகத் தொடர்கதையைக் கிழித்து எடுத்துக்கொண்ட பிறகு வரும். இரண்டாவதாக ஒன்று வாங்கலாமே என்பீர்கள். ஒன்று வருவதே மாமனாருக்குத் தெரியாது.

என்னிடம் வந்தது ஓட்டை விழுந்த பத்திரிகை. ஒரு சிரிப்புத் துணுக்கில் கேள்வி இருக்கும், பதில் கிழிந்த பக்கத்தோடு போயிருக்கும். சமையல் குறிப்பில் வறுத்து அரைக்கச் சொல்லியிருப்பார்கள், எதை என்று தெரியாது. கூந்தல் தைல விளம்பரத்தை எழுத்து விடாமல் படித்தேன். பதில் இல்லாத துணுக்குகளுக்கு நானே பதில் கட்டிக்கொண்டேன், அதில் ஒரு சின்னச் சுகம் இருந்தது. இருந்தாலும் ஒவ்வொரு கிழிசலையும் தடவிப் பார்க்கும்போது, அந்தப் பக்கத்தை அக்கா விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படிக்கிற காட்சி கண்ணில் வரும். என் கதை, என் பிள்ளை, இரண்டும் அவள் கையில்.

ஒருநாள் தாங்கவில்லை. பாலையும் முட்டையையும் தொடாமல் திருப்பி அனுப்பிவிட்டேன். கணவர் காரணம் கேட்டார். எனக்கு முழுப் பத்திரிகை வேண்டும் என்றேன். சாகக் கிடக்கிறவளுக்குக் கதையா கேடு என்று அவர் முகம் சொன்னது.

அடுத்த சந்தை நாள் சாயந்திரம் அக்காவே வந்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், காற்று அவளிடமிருந்து என் பக்கம் வீசுகிற இடமாகப் பார்த்து நின்றாள். இடுப்பில் தங்கமணி. கையில் பத்திரிகை.

"டாக்டருகிட்டக் கேட்டாச்சு சரசு. வெட்டவெளில, தள்ளி நின்னாப் பாதகமில்லயாமா. நா படிக்கறேன், நீ கேளு" என்றாள்.

படித்தாள். எழுத்து எழுத்தாக, கல்லில் தடுக்கி விழுகிற மாதிரி படித்தாள். நான் கட்டிலிலிருந்தே திருத்தினேன். திருத்துவதில் எனக்கு அப்பட்டமான சந்தோஷம். ஆனால் அக்கா படிக்கும்போது தங்கமணி அவள் தோட்டைத் திருகிக்கொண்டே என்னைப் பார்த்தாள். ஊருக்கு வந்த உறவுக்காரியைப் பார்க்கிற பார்வை. நான் படுப்பதற்கு முன்னால் என் தோட்டைத்தான் அப்படித் திருகுவாள்.

வாரம் தவறாமல் வந்தார்கள். கதை சென்னைப் பட்டணத்தில் நடந்தது. மோட்டார் கார் வைத்திருக்கும் ஒரு வக்கீல், அவர் மனைவி, அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. ஒரு வாரம் அந்த மனைவி இருமினாள். அதற்கடுத்த வாரம் அவளுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். என் நோயேதான். அக்கா அந்த இடத்தில் நிறுத்தி, மிச்சம் அடுத்த வாரம் என்று மடித்துக்கொண்டு போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை. கதைகளில் காசம் வந்தவர்கள் என்ன ஆவார்கள் என்று கதை படிக்கிற எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த வாரம் அக்கா வந்து படித்தாள். வக்கீல் மனைவி சாகவில்லை. மருந்து சாப்பிட்டாள். பிறகு வந்த வாரங்களில் படிப்படியாகத் தேறினாள். அக்காவின் வாசிப்பும் தேறிவிட்டது. இப்போது ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை, தண்ணீர் பாய்கிற மாதிரி போயிற்று. என் கதையை வைத்தே படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று அதற்கும் எரிந்தேன். இனித் திருத்தவும் எனக்கு வேலை இல்லை.

அந்த வக்கீல் மனைவி மேல் எனக்கு வந்த பொறாமையை என்னவென்று சொல்ல? அவளுக்குக் காய்ச்சல் நின்றுவிட்டது, எனக்கு நிற்கவில்லை. அவள் கசப்புத் தூளை விழுங்கியதும் ஒரு துண்டு நெல்லிக்காயைக் கடித்துத் தண்ணீர் குடித்தாள், குமட்டல் அடங்கியது. நானும் செய்து பார்த்தேன், அடங்கியது. இவளிடமா நான் பாடம் கேட்க வேண்டும் என்று ஆத்திரமாக வந்தது. மழை வந்து துணி நனைகிறது என்று எல்லாரும் ஓடியபோதும் அவள் படுக்கையை விட்டு எழவில்லையாம். அதற்கு முந்தின நாள்தான் நான் கன்றுக்குட்டி அவிழ்த்துக்கொண்டது என்று எழுந்து ஓடி, மறுநாள் காய்ச்சலில் கிடந்தேன். இனி அவளுக்குச் சளைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தேன். கதையில் வருகிற ஒருத்தியோடு போட்டி போட்டுப் படுக்கையில் கிடந்தவள் இந்தத் தாலுக்காவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பட்டணத்து வக்கீல் மனைவி கம்மங்கூழ் குடிப்பதும், கார் வைத்திருப்பவர் வீட்டில் கோழி அடைவதும் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருந்தது. எழுதுகிறவர் எங்கள் பக்கத்து ஆளாக இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் அவள் எழுந்து நடந்தேவிட்டாள். வீட்டுக்குத் திரும்பினாள். குழந்தை அவளைக் கண்டு ஒளிந்துகொண்டது. அவள் கூப்பிடவில்லை. வாசலில் உட்கார்ந்து கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்துக் குழந்தை தானாகச் சீப்பை எடுத்துவந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தது. அக்கா இதைப் படித்தபோது அவள் இடுப்பில் இருந்த தங்கமணி வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தட்டிப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். போ, உனக்கு எல்லாம் கிடைத்துவிட்டது என்று அந்த வக்கீல் மனைவியைத் திட்டினேன்.

அதற்குப் பல மாதம் கழித்துத்தான் என் முறை வந்தது. கோழையில் கிருமி இல்லை என்றார்கள். திரும்பப் பார்த்தார்கள், இல்லை. டாக்டர் புதுப் படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். குழி மூடியிருந்தது.

"இனிப் புள்ளையத் தொடலாம்மா" என்றார். நான் கேட்காமலே சொன்னார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கை பரபரத்தது. ஓடிப் போய் வாரி எடுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இருந்தது. வீட்டு வாசலுக்கு வந்தால், தங்கமணி அக்காவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள். ஒரே எட்டில் போய்ப் பிடித்து இழுத்திருப்பேன். ஆனால் இந்த நிலையில் ஒருத்தி என்ன செய்வாள் என்பதற்கு எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு உதாரணம்தான். அவளை எனக்குப் பிடிக்காவிட்டாலும் அவள் செய்ததையே செய்தேன். வாசலில் உட்கார்ந்தேன். மடியில் கையைக் கோத்துக்கொண்டு கோழிகளைப் பார்த்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. சேலை உரசியது. தங்கமணி சீப்பை என் முழங்காலில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவளுக்கும் அந்தக் கதை ஒன்றுதான் தெரியும். எனக்கு வகிடு நேராக வரவில்லை. திரும்பிப் பார்த்தேன், அக்கா அங்கே இல்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள் என்றார் கணவர். மாடு அப்போது தண்ணீர் குடித்துவிட்டு அசை போட்டுக்கொண்டிருந்தது.

வீட்டில் சேர்ந்து கொஞ்ச நாளில் பெட்டியைத் திறந்தேன். அந்தக் கதையை என் கண்ணால் முழுதாகப் படிக்க வேண்டும். தைத்துத்தான் வைத்திருந்தாள், என்னைவிட நன்றாகவே தைத்திருந்தாள். ஆனால் வக்கீல் மனைவிக்கு எக்ஸ்ரே எடுத்த வாரத்தோடு புத்தகம் முடிந்திருந்தது. அதற்கு மேல் ஒரு பக்கமும் இல்லை.

எனக்குப் பழைய எரிச்சல் அப்படியே மேலே வந்தது. நல்ல பகுதியை மட்டும் எங்கேயோ ஒளித்து வைத்துக்கொண்டாள். கையில் புத்தகத்தோடு அடுப்படிக்குப் போய், மிச்சத்தை எடுங்கள் அக்கா, எனக்கும் அதில் பங்குண்டு என்று சத்தம் போட்டேன். அக்கா அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். மூலையில் சோழி விளையாடிக்கொண்டிருந்த தங்கமணிதான் தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"பெரியம்மா படிக்கறப்பப் பொஸ்தகத்தப் பாக்கவே மாட்டாங்கம்மா. உங்களையேதான் பாத்துட்டிருப்பாங்க."

அடுப்பை விட்டுத் திரும்பி அக்கா சொன்னாள்.

"அந்த அம்மா அடுத்த வாரமே செத்துப்போச்சு சரசு. அந்தப் பக்கத்த அடுப்புல போட்டுட்டேன். உன்றகிட்ட வந்து என்னத்தப் படிக்கறது? வாய்க்கு வந்ததச் சொன்னேன். நீ எதத் திங்காம இருக்கறயோ அத அவளத் திங்க வெச்சேன். அவ்வளவுதான்."

பத்திரிகையில் வந்த கதையில் அப்புறம் என்னதான் ஆயிற்று என்று கேட்டேன்.

"நா படிக்கல. எனக்கு மனசு வரல. கையில புடிச்சுக்கறதோட சரி, அப்புறம் அதுவும் அடுப்புக்குத்தான்."

எங்கள் வீட்டில் கதைக்கு என்னைவிட ஏங்குகிறவள் அவள். எழுத்துக் கூட்டியாவது தெரிந்துகொண்டுவிட வேண்டும் என்று துடிக்கிறவள். முதலில் படிக்கும் முறை அவள் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் வந்தது. அதையும் படிக்காமல் விட்டிருக்கிறாள். சீப்பைக் கொண்டுபோய்க் கொடு என்று என் மகளுக்கு அந்தக் கதையிலேயே சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். இடுப்பில் இருந்த பிள்ளையை அவளே கதை சொல்லி இறக்கிவிட்டிருக்கிறாள். நன்றி என்று எழுதினால் இந்த இடத்தில் அழகாக இருக்கும். எனக்கு முதலில் வந்தது அது இல்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் இதைச் செய்திருக்க மாட்டேன் என்று தெரிந்தது. என் ஆயுசில் நான் பட்ட பொறாமையிலேயே பெரியது அதுதான்.

இப்போது நன்றாக இருக்கிறேன். பழைய உடம்பு இல்லை. இடது நுரையீரலின் மேல் ஓரம் தழும்பாகிவிட்டது, அது இனி மூச்சுக்கு உதவாது என்றார் டாக்டர். கிணற்றடியிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் ஒரு இடத்தில் நிற்கிறேன். எந்த மரத்தடி என்று கால்களுக்கே தெரியும். நாட்களும் எனக்குப் பழையபடி ஓடுவதில்லை. மொழிவாரியாகப் பிரித்ததில், நான் படுத்தபோது எங்கள் ராஜ்யத்தின் பெயர் ஒன்று, எழுந்தபோது வேறு ஒன்று. கட்டில் என்னவோ அதே இடத்தில்தான் இருந்தது. திங்கள் செவ்வாய் எல்லாம் எனக்கு இன்னும் குழம்பும். சந்தை நாள் மட்டும் யாரும் சொல்லாமலே தெரிகிறது.

சத்தமாகப் படிக்கக் கூடாது, தொண்டையை உயர்த்திப் பேசக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை. ஆகவே புதுத் தொடர்கதையை அக்காதான் படிக்கிறாள். அச்சில் இருப்பதைப் படிப்பதால் பழையபடி தடுக்குகிறாள். போன வாரம் தங்கமணிக்குப் பொறுமை போய்விட்டது. இது வேண்டாம், அந்தச் சீக்குக்கார அம்மா கதையில் அப்புறம் என்ன ஆச்சு, அதைச் சொல்லுங்கள் என்று அடம்பிடித்தாள்.

அக்கா பத்திரிகையை மடித்தாள். "அத உன்ற அம்மாகிட்டக் கேளு சாமி. அந்தம்மா எந்திரிச்சு ஊட்டுக்கு வந்த வரைக்குந்தான் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு மாவாட்ட உள்ளே போய்விட்டாள்.

எனக்குக் கதை கட்ட வராது. தங்கமணி காத்திருந்தாள். அந்தம்மா காலையில் எழுந்தாள் என்றேன். மூச்சு வாங்க நிறுத்தினேன். கோழியைத் திறந்துவிட்டாள் என்றேன். மறுபடி நிறுத்தினேன். அன்று காலையிலிருந்து நான் செய்ததையே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனேன். பெரியம்மா இப்படி நிறுத்தி நிறுத்திச் சொல்ல மாட்டாங்க என்றாள் தங்கமணி. சுருக்கென்றது. ஆனாலும் அவள் எழுந்து போகவில்லை, என் தோட்டைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

உள்ளே ஆட்டுக்கல் சத்தம் நின்றுபோயிருந்தது. நான் குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன்.